சீர்ப் பட்டியலை எழுதுவது யார்?

நமது நாட்டில் ஒரு கலியாணம் நிச்சயமானவுடன் பட்டியல் எழுதாத வீடே கிடையாது. பந்தலுக்கு ஒரு பட்டியல், பந்திக்கு ஒரு பட்டியல், ஜவுளிக்கு ஒரு பட்டியல், நகைக்கு ஒரு பட்டியல், சீர்ச் சாமானுக்கு ஒரு பட்டியல் என்று எழுதி மாய்கின்றார்கள். ஆனால் இத்தனை பட்டியலிலும், நாளைக்கு அந்த வீட்டில் குடித்தனம் செய்யப் போகின்ற பெண்ணும் பையனும் கலந்து உட்கார்ந்து எழுதியது ஒன்றாவது உண்டா என்று கேட்கின்றோம். பெண்ணின் தகப்பனார் பாத்திரக் கடைக்காரர் சொன்னதை எழுதுகின்றார். பையனின் தாயார் தன் மூத்த மருமகள் கொண்டுவந்ததை ஞாபகப்படுத்திச் சொல்லி எழுத வைக்கின்றார். உறவினர்களோ பட்டியல் எதுவும் இல்லாமலேயே கையில் அகப்பட்டதை வாங்கிக் கலர்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருகின்றார்கள். யாருக்கு வேண்டுமோ அவர்களை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

சென்ற ஆவணி மாதத்தில் செஞ்சி வட்டம் மேல்சித்தாமூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த திருமணத்துக்குப் போயிருந்தோம். நமது இயக்க முறைத் திருமணந்தான். புரோகிதர் இல்லை, புகை இல்லை, நல்ல நேரம் பார்க்கவில்லை. மாலை மாற்றிக்கொண்டு, உறுதிமொழி படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. குடியிருக்கப் போவதோ ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வாடகை வீடு. மறுநாள் காகிதங்களைப் பிரித்தபோது நாமும் இருந்தோம். 11 சுவர்க் கடிகாரங்கள், 7 குத்துவிளக்குகள், 6 டின்னர் செட்டுகள், ஒருவரும் தூக்க முடியாத இரண்டு அண்டாக்கள், ஒரு பித்தளைத் தவலை, ஒரு பிள்ளைத் தொட்டில் ஆகியவைகள் வெளியே வந்தன. சாமி படமே மாட்டப் போகாத வீட்டுக்கு 7 குத்துவிளக்கு! ஓர் அறைக்கு 11 கடிகாரம்! மணமாகி ஒரு நாள்கூட ஆகாதவர்களுக்குத் தொட்டில்! பிள்ளை எப்போது வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? கர்ப்பத்தடையைப் பற்றி 90 வருஷத்துக்கு முன்பே எழுதிய இயக்கத்தின் கலியாணத்தில் தொட்டில் வந்து நிற்கின்றது. அடுப்பு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் கேஸ் அடுப்பைத் தவணைக்கு வாங்கினான்.

இதில் கொடுத்தவர்களைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ஒவ்வொருவரும் உழைத்த காசில், அன்போடுதான் கொடுத்தார்கள். கூலி வேலை செய்கின்றவர் ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கியது ஒரு கடிகாரம். அந்தக் கூலி பரணில் போய் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் நமக்கு வயிற்றெரிச்சல்.

நமது தோழர்கள் சற்று யோசிக்க வேண்டும். 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்படி நடந்த திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று கோர்ட்டுகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, அது 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, முன்பு நடந்தவைகளும் செல்லும் என்றாகிவிட்டது. புரோகிதரை ஒழிக்க 40 வருஷம் போராடினோம். ஆனால் பீரோவை ஒழித்தோமா? மந்திரம் இல்லாத மேடைக்குப் பக்கத்திலேயே கட்டிலும் பீரோவும் ஃபிரிட்ஜும் வாஷிங்மெஷினும் பார்வைக்கு வைக்கப்பட்டு, வருகின்றவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பிறகு மணமக்களைப் பார்க்கின்றார்கள். இதைப் பகுத்தறிவுத் திருமணம் என்று நாம் எப்படிச் சொல்லிக்கொள்வது?

மேல்சித்தாமூரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜினகாஞ்சி மடம் என்னும் தமிழ்ச் சமணர்களுடைய மடம் உள்ள ஊர் அது. மடங்களும் மதங்களும் நமக்குச் சம்மதமில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். என்றாலும், அந்த மதத்தில் இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டிருக்கின்ற விரதங்களில் ஒன்று, தனக்கு வேண்டிய நிலம், வீடு, பொன், தானியம், தட்டுமுட்டுச் சாமான் இவைகளுக்கு ஓர் அளவைத் தானே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆசைப்படாமலிருப்பது. மிகுபொருள் விரும்பாமை என்று அதற்குப் பெயர். அம்மதத்துத் திகம்பரத் துறவிக்கோ ஒரு மயிற்பீலியும் ஒரு கமண்டலமும் போதும். மோட்சத்துக்காக அப்படிச் செய் என்கின்றார்கள். நமக்கு அந்த மோட்சம் வேண்டாம். ஆனால் ‘எனக்கு எவ்வளவு வேண்டும்’ என்று ஒரு மனிதன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்பது அறிவுக்குப் பொருந்திய காரியமா இல்லையா? இத்தனை நூற்றாண்டாக அந்தப் போதனை நடக்கின்ற பிரதேசத்திலும், எந்தச் சாதி, எந்த மதத்துக் கலியாணமானாலும், வண்டி கொள்ளாமல்தான் சீர் போகின்றது.

நிற்க. பரணில் தூங்குகின்ற கடிகாரத்தால் வீணாவது காசு மட்டும்தான். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கின்றது.

நமக்குத் தெரிந்த ஒரு பெண், மணமாகி இரண்டு வருஷத்தில், அடியும் ஏச்சும் தாங்காமல் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கட்டின துணியோடு வந்தாள். பிறகு பெரியவர்கள் போய்ச் சாமான்களைக் கேட்டார்கள். “எந்தச் சாமான்? பட்டியல் எங்கே?” என்று அந்த வீட்டார் கேட்டார்கள். பட்டியல் இல்லை. பெண்ணின் தாயார் விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னார். அதை யார் ஒப்புக்கொள்ளுவார்கள்? கடைசியில் என்ன திரும்பி வந்தது என்றால், பெயர் வெட்டியிருந்த பாத்திரங்கள் மட்டும் வந்தன. தாய்மாமன் பெயர் வெட்டிய குடம், சித்தப்பா பெயர் வெட்டிய சொம்பு, அத்தை பெயர் வெட்டிய தட்டுகள் இவைகள் மறுக்க முடியாமல் வந்துவிட்டன. பெயர் வெட்ட முடியாத பீரோவும், ஃபிரிட்ஜும், தையல் மிஷினும் அங்கேயே நின்றுவிட்டன. அந்தத் தையல் மிஷின் ஒன்றாவது வந்திருந்தால் அவள் பிழைத்துக்கொள்ளுவாள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகின்ற ஆசாரியின் ஊசிக்கு இருந்த மதிப்புக்கூட அவளுடைய வாய்க்கு இல்லை. திரும்பி வந்த பாத்திரங்களிலும் அவள் பெயர் ஒன்றில்கூட இல்லை என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கேட்டு வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். 5 வருஷத்துக்குக் குறையாத சிறை என்று பின்னால் கடுமையாக்கப்பட்டது. கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்புக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை இருப்பதை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்பதுதான் அது. 1985 அக்டோபர் 2 முதல் இதற்கென்றே தனியாக விதிகள் இருக்கின்றன. பெண்ணுக்கு வந்தவைகளின் பட்டியலைப் பெண் வைத்துக்கொள்ள வேண்டும். பையனுக்கு வந்தவைகளின் பட்டியலைப் பையன் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளும் இன்னது, உத்தேச விலை இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், அவர் என்ன உறவு என்று எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கலாம். அதே 1985-ல்தான் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம், பெண்ணுக்கென்று கொடுக்கப்பட்ட பொருள் பெண்ணுக்கே முழுச் சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதால் அது அவர்களுடையதாகிவிடாது, திருப்பிக் கொடுக்க மறுத்தால் நம்பிக்கை மோசடியாகும் என்று தீர்ப்புச் சொன்னது. 40 வருஷமாக இருக்கின்ற இந்த விதிப்படி எத்தனை கலியாண வீட்டில் பட்டியல் எழுதிக் கையெழுத்தாகின்றது? மொய் நோட்டு மாத்திரம் ஒரு ரூபாய் தவறாமல் எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டப்படுகின்றது. ஏனென்றால் அது கடன் கணக்கு.

ஆகவே இரண்டு பட்டியல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதலாவது கலியாணத்துக்கு முன்பு எழுதுவது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்து மார்ஷல் ஃபீல்டு என்னும் பெரிய கடையில் 1924-லேயே இதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். மணமக்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிப் பதிந்துகொள்ளுவது. வருகின்றவர்கள் பதிவேட்டைப் பார்த்து வாங்குவது. வாங்கினது தெரிந்துவிடுவதால் இன்னொருவர் அதையே வாங்காமலிருப்பது. அது வியாபாரத்துக்காகக் கடைக்காரன் செய்த யுக்தி. நமக்குக் கடை வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டும், அதை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு தோழரும் போதும். பெண்ணும் பையனும் சேர்ந்து எழுதட்டும். இன்ன பொருள், சுமார் விலை இவ்வளவு என்று எழுதட்டும். குக்கர் ஒன்றுக்கு நாலு பேர் சேர்ந்து கொடுக்கலாம். கரண்டி ஒன்று மட்டும் ஒருவர் கொடுக்கலாம்.

இது பிச்சை கேட்பது போல இல்லையா என்று சிலர் கேட்கலாம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் விருந்து என்று பத்திரிகை அடித்து, கறி விருந்து வைத்து, பலர் சேர்ந்து பணம் எழுதி வாங்குகின்றார்கள். பின்னால் அதைத் திருப்பிச் செய்கின்றார்கள். அதை யாரும் பிச்சை என்று சொல்லுவதில்லையே! உங்கள் ஊர் மொய்யும் அதேதான், கொஞ்சம் வெட்கத்தோடு செய்கின்றீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபணைதான் நியாயமானது. இந்தப் பட்டியலே வரதட்சணைப் பட்டியலாகிவிடாதா? ஆகும், ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் நிச்சயம் ஆகும். அதனால்தான் சொல்லுகின்றோம்: பட்டியல் பெண்ணின் பெற்றோர் கைக்குப் போகக்கூடாது, பையனின் பெற்றோர் அதில் ஒரு வரியும் சேர்க்கக்கூடாது, கார், மோட்டார் சைக்கிள், நகை எதுவும் அதில் ஏறக்கூடாது. நண்பர்களும் வருகின்றவர்களும் சில நூறு ரூபாயில் முடிக்கக்கூடியவைகளாக மட்டும் இருக்க வேண்டும். ஒருவரும் கொடுக்காத பொருளை இருவரும் சம்பாதித்து வாங்கிக்கொள்ள வேண்டியது.

என்ன எழுதுவது என்றால், அது அவரவர் வீட்டைப் பொறுத்தது. இந்து அறநிலையத் துறை கோயில்களில் நடத்திவைக்கும் இலவசத் திருமணங்களில் 4 கிராம் தாலியோடு கட்டில், மெத்தை, பீரோ, மிக்ஸி, பாத்திரம் என்று எல்லா ஜோடிக்கும் ஒரே மாதிரி கொடுக்கின்றார்கள். ஏழைக்கு அது உதவிதான். சர்க்கார் ஆளுக்கொரு பட்டியல் போட முடியாது. நாம் போடலாமல்லவா? வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு எடுத்துக்கொண்டு போகக்கூடிய சாமான் வேண்டும். இரண்டு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் போதும். இரண்டு பர்னர் அடுப்பு, அரிவாள்மணை, தோசைக்கல், நாலு தட்டு, நாலு டம்ளர், இரண்டு வாளி, கொசுவலை, மின்விசிறி, ஒரு புத்தக அலமாரி, பூட்டும் சாவியும் உள்ள ஒரு பெட்டி, அந்தச் சாவி பெண்ணின் கையில். வெளியூரிலிருந்து பணம் கொடுக்க விரும்புகின்றவர்களுக்குப் பெண்ணின் பெயரில் உள்ள பேங்குக் கணக்கு. இவ்வளவையும் எழுதுகையில் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோசைக்கல் எத்தனை அங்குலம் வேண்டும் என்று தெரியாதவன், அந்தக் கல்லில் ஒரு நாளும் தோசை சுடப் போவதில்லை.

இரண்டாவது பட்டியல், வந்தவைகளை எழுதுவது. உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகின்ற நமது மேடையிலேயே, விருந்து முடிந்தவுடன் இதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஒரு மணி நேர வேலை. தலைமை தாங்குகின்ற தோழர்கள் நீளமாகப் பேசுவதை அரை மணி நேரம் குறைத்தால் பாதி எழுதிவிடலாம். அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த சில நாளில் எழுதலாம். விதியில் அதற்கு இடம் இருக்கின்றது. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதானால் கொடுப்பவர் பெயரோடு பெண்ணின் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள்.

சீர் கொடுக்கின்ற தகப்பன்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. 60 வருஷம் கழித்து 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. ஆனால் கிராமங்களில் என்ன நடக்கின்றது? தங்கை பங்கு கேட்டால், “உனக்குத்தான் அண்டா குண்டா எல்லாம் கொடுத்தாயிற்றே” என்கின்றான் அண்ணன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு புடவை கொடுத்து அனுப்புகின்றான். அண்டா வருஷா வருஷம் விலை குறைந்து, கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போகும். நிலம் வருஷா வருஷம் விலை ஏறும். இந்த வித்தியாசம் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சீரைத் தடபுடலாகச் செய்கின்றான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை 2022-ல் சர்க்காரே மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேல்படிப்புப் படிக்க மாதம் 1,000 ரூபாய் என்று செய்திருக்கின்றது. சர்க்காருக்கு வந்த யோசனை தகப்பனாருக்கும் வரலாம். அண்டாவுக்குப் போகின்ற பணத்தில் அவளைப் படிக்கவையுங்கள். அவள் பங்கை அவள் பெயரில் எழுதுங்கள்.

ஆவணியில் மணமான அந்த ஜோடியிடம் இதையெல்லாம் சொன்னோம். அந்தப் பெண் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை நமக்கும் காட்டினாள். தவணை அடுப்பில் பாதிப் பணம் அவள் கட்டுவதால் அதையும் கடைசியில் எழுதியிருந்தாள். குத்துவிளக்குகளைக் கடையில் கொடுத்து மாற்றி ஒரு மிக்ஸி வாங்கிக்கொண்டார்கள். கடிகாரங்களில் இரண்டை நமது படிப்பகத்துக்குக் கொடுத்திருக்கின்றார்கள். ஒன்று அவர்கள் வீட்டுச் சுவரில் ஓடுகின்றது. மீதி 8 இருக்கின்றன. பள்ளிக்கூடமோ படிப்பகமோ நடத்துகின்றவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கின்றார்கள்.