ஒரே நீதிமன்றம், இரண்டு நாக்கு

ஜனநாயகம் என்றால் என்னவென்று அறிய அமெரிக்காவைப் பார் என்பர். பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கும் எச்சட்டத்தையும் காங்கிரஸ் இயற்றலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாவது திருத்தம். சட்டம் பயின்ற காலத்தில் அதைப் படித்து நாமும் மெய்மறந்ததுண்டு. அந்த மயக்கம் தெளிந்தது 2010 ஆம் ஆண்டில்!

அவ்வாண்டு சனவரி 21 ஆந் திகதி, "சிற்றிசன்ஸ் யுனைற்றட்" வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலில் வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ கம்பனிகள் சுயேச்சையாக எவ்வளவு பணமும் செலவிடலாம். தடுத்தால் அது பேச்சைத் தடுப்பதாகும் என்றனர் ஐந்து நீதியரசர்கள். நால்வர் மறுத்தனர். பேசுபவர் யாரென்று பார்த்து வாய்ப்பூட்டுப் போடலாகாதாம். பலர் ஒன்றுசேர்ந்து பேசுவதாற் பேச்சின் உரிமை குன்றாதாம். நல்லது, பணம் பேசட்டும்!

ஐந்தே மாதம் கழிந்தது. யூன் 21 ஆந் திகதி அதே மன்றத்தில் மற்றொரு தீர்ப்பு. அரசு பயங்கரவாத அமைப்பெனப் பட்டியலிட்ட வெளிநாட்டு அமைப்புக்கு உதவுவது குற்றம் என்கிறது 1996 ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சியும் ஆலோசனையும்கூட உதவியே. 2010 இல் அதற்குத் தண்டனை பதினைந்து ஆண்டு வரை சிறை. குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியினருக்குச் சர்வதேசச் சட்டத்தையும் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனுச் செய்யும் முறையையும் கற்பிக்க விரும்பினர் சிலர். விடுதலைப் புலிகளுக்குச் சமாதான உடன்படிக்கை பேசவும் ஆழிப்பேரலை நிவாரணம் கோரவும் வழிகாட்ட விரும்பினர் அங்குள்ள தமிழர் சிலர். ஆயுதமன்று, பணமன்று, வெறும் சொல். அதுவும் குற்றமென்றனர் அறுவர். சனவரியில் முழங்கிய ஐவரும் இந்த அறுவருள் அடக்கம்!

அவ்வமைப்புகள் கொலை செய்தனவே என்பர். செய்தன, நாம் மறுக்கவில்லை. ஆனால் கொலையை விடுத்து மனு எழுதக் கற்பிப்பவன் செய்யும் குற்றம் யாது? சமாதானம் கற்பித்தால் அமைப்பின் வளங்கள் மிச்சமாகி வன்முறைக்குப் பயன்படுமாம். அப்படியாயின், மருந்துக்கு அதே சட்டம் விலக்களித்திருப்பதேன்? மருந்து கொடுத்தால் வளம் மிச்சமாகாதோ? மன்றத்துக்கு அமைப்பின் சார்பில் ஒரு சட்டத்தரணி எழுத்துச் சமர்ப்பணம் தயாரித்துக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டதே என்று அரசுக்காக வாதாடிய சொலிசிற்றர் ஜெனரல் எலெனா ககன் வாய்திறந்து ஒப்புக்கொண்டார். சட்டத்தரணிகளாகிய நாம் இதை இருமுறை படித்தல் வேண்டும்.

தனித்து நின்று பேசத் தடையில்லை என்கிறது தீர்ப்பு. மெய்தான். ஒன்றுசேர்ந்து பேசும் உரிமை கம்பனிக்கு மட்டும் போலும். இதே மன்றம் 1969 இல், பழிவாங்கல் பற்றி மிரட்டிப் பேசிய கு கிளக்ஸ் கிளான் தலைவனின் தண்டனையை இரத்துச் செய்தது. உடனடி வன்முறையைத் தூண்டாத பேச்சைத் தண்டித்தல் ஆகாதென்பது அன்றைய விதி. உள்நாட்டான் மிரட்டலுக்கு அந்த விதி காவலாயிற்று. அந்நியனுக்குச் சமாதானம் போதிப்பவன் அதன் நிழலில் ஒதுங்க முடியவில்லை.

புலிகள் பற்றிய பகுதியையும் சொல்லிவிடுவோம். 2009 மே மாதத்தில் அவர்கள் முறியடிக்கப்பட்டுவிட்டனர். ஆகவே சமாதான உடன்படிக்கை, ஆழிப்பேரலை நிவாரணம் பற்றிய கேள்விகள் காலாவதியாயின என்று மன்றம் சுருக்கமாகத் தள்ளிவிட்டது. வழக்குத் தொடங்கியது 1998 இல். சமாதானம் கற்பிக்க உரிமை கேட்டுப் பன்னிரண்டு ஆண்டு வழக்காடியவர்களுக்குக் கிடைத்த மறுமொழி, கற்க வேண்டியோர் இப்போது இல்லை என்பதே.