ராஜா அப்படியே இருக்காரு, நாடுதான் மாறுது!

சிவிலைசேஷன் கேம் சீரிஸ் ஆரம்பிச்சது 1991-ல. அன்னைக்கு இருந்து அதுல இந்தியான்னா காந்தி, மிஞ்சிப்போனா அசோகர், சந்திரகுப்தர். சோழர்கள் ஒரு தனி நாகரிகமா உள்ளே வந்தது 2025 பிப்ரவரி 11-ல வெளியான ஏழாவது பாகத்துலதான். கலம்னு ஒரு போர்க்கப்பல் இருக்கு. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம்னு நம்ம பழைய வணிகக் குழுக்களோட பேர்லயே கட்டிடங்கள் இருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலையும் கட்டலாம். கேக்கவே ஜிவ்வுன்னு இருக்கு இல்ல?

ஆனா இந்த சீரிஸ்லயே என்னை ரொம்ப ஏமாத்தின பாகமும் இதுதான். ஏன்னு சொல்றேன்.

2020 லாக்டவுன்ல எபிக் ஸ்டோர் ஒரு வாரம் ஆறாவது பாகத்தை இலவசமா கொடுத்துச்சு. உங்கள்ல நிறைய பேர் இந்த கேமுக்குள்ள வந்தது அப்பதான்னு நினைக்கிறேன். அதுல ஒரு நாட்டை எடுத்தா, கற்காலத்துல இருந்து ராக்கெட் விடுற வரைக்கும் அதே நாடுதான். ஏழாவது பாகம் அதை மூணு துண்டா வெட்டிடுச்சு: பழங்காலம், கடல்வழி கண்டுபிடிப்புக் காலம், நவீன காலம். ஒவ்வொரு காலம் முடியும்போதும் உங்க நாகரிகத்தை விட்டுட்டு வேற ஒண்ணு எடுக்கணும். நடந்துட்டிருந்த போர் அப்படியே நிக்கும். பெரும்பாலான நகரங்கள் மறுபடி சிற்றூர் ஆகிடும். முன்னாடி கட்டின சில தனிக் கட்டிடங்கள் நிக்கும், சில மரபுகள் தொடரும். ஆனா உங்க தலைவர் மட்டும் மூணு காலத்துக்கும் மாறவே மாட்டார்.

இதுக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கு. பழைய பாகங்கள்ல பாதி ஆட்டத்துலயே யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் சும்மா பட்டனை அமுக்கிட்டே இருக்கணும். நிறைய பேர் முடிக்காமலே விட்டுடுவாங்க. அதைச் சரிபண்ணத்தான் இந்த மூணு காலம். கூடவே, வரலாறுங்கிறது அடுக்கடுக்கா வளருது, ஒரே ஊரை பல பேர் ஆண்டிருக்காங்கங்கிற விளக்கத்தையும் ஃபிராக்ஸிஸ் கொடுத்தாங்க.

சரி, நம்ம பக்கத்துலயே இதைச் சோதிச்சுப் பார்ப்போம். செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கோங்க. நாயக்கர்கள் கையில இருந்து பீஜப்பூர் சுல்தான் கைக்குப் போச்சு. 1677-ல சிவாஜி பிடிச்சார், 1698-ல முகலாயர், 1750-ல பிரெஞ்சுக்காரங்க, 1761-ல ஆங்கிலேயர். ஃபிராக்ஸிஸ் சொல்ற அடுக்கு இதைவிட நல்லா எங்கேயும் கிடைக்காது. ஆனா இங்க மாறினது யாரு? ராஜா. மாறாதது? கோட்டை, மலை, கீழே வயல்ல வேலை செஞ்ச ஜனங்க, அவங்க பேசின மொழி.

திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல வர்ற கிளியனூரும் அப்படித்தான். சம்பந்தர் தேவாரத்துல பாடின திருக்கிளியன்னவூர் அதுதான். பல்லவர், சோழர்ல ஆரம்பிச்சு வெள்ளைக்காரன் வரைக்கும் எத்தனையோ ஆட்சி அந்த வழியா வந்துட்டுப் போயிடுச்சு. ஊர் பேர் கொஞ்சம் தேய்ஞ்சு கிளியனூர் ஆச்சு, அவ்வளவுதான். பஸ்ல கண்டக்டர் இன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் டிக்கெட் கிழிக்கிறார்.

கேம் இதைத் தலைகீழாப் பண்ணுது. ராஜா சாகாம உக்காந்திருக்கார், அவருக்குக் கீழே இருக்கிற ஜனம் மொத்தமும் வேற ஜனமா ஆகிடுது. இது வரலாறும் இல்ல, விளையாட்டா பார்த்தாலும் மனசு ஒட்டல. நான் இருநூறு டர்ன் வளர்த்தது யாரைன்னே குழப்பமாகிடுது.

சோழர்கள் கதையைப் பாருங்க. அவங்களுக்கு நடுக் காலம் மட்டும்தான். பழங்காலத்துல வேற யாராவதா இருந்து வரணும், நவீன காலத்துல வேற யாராவதா மாறிடணும். வேடிக்கை என்னன்னா, கேம்ல அசோகர் ஒரு தலைவர். அவர் காலத்துப் பாறைக் கல்வெட்டுகள்லயே சோழர், பாண்டியர் பேர் இருக்கு. அதாவது, அசோகருக்குத் தெரிஞ்ச சோழர்களை கேமோட பழங்காலத்துக்குத் தெரியல! ராஜராஜனோ ராஜேந்திரனோ வெளியீட்டுத் தலைவர்கள் பட்டியல்ல இல்ல. அதனால அசோகரையோ நெப்போலியனையோ வெச்சுத்தான் சோழ நாட்டை ஆளணும்.

இந்த எச்சரிக்கை முன்னாடியே கிடைச்சிருந்தது. 2021-ல வந்த ஹியூமன்கைண்ட் இதே மாதிரி காலத்துக்குக் காலம் கலாச்சாரத்தை மாத்தச் சொல்லி, இதே புகாரை வாங்கிக் கட்டிக்கிச்சு. அதைப் பார்த்தும் பாடம் படிக்கல. 70 டாலர் விலை வெச்சுட்டு, பிரிட்டனை அடுத்த மாசமே தனியா காசுக்கு வித்தாங்க. மெனு எல்லாம் பாதி வேலையில விட்ட மாதிரி இருந்துச்சு. சில மாசத்துலயே ஸ்டீம்ல ஆறையும் அஞ்சையும் ஆடுறவங்க ஏழை ஆடுறவங்களை விட அதிகம்னு ஆச்சு. கடைசியில, ஒரே நாகரிகத்தோட முழு ஆட்டமும் ஆடுற வழியைச் சோதிக்கிறோம்னு கம்பெனியே சொல்லிடுச்சு. ரசிகர்கள் முதல் நாளே கேட்டது அதைத்தான்.

நல்ல விஷயமே இல்லையான்னா, இருக்கு. படைகளைக் கூட்டிட்டுப் போற தளபதி, கப்பல் ஓட்டக்கூடிய ஆறுகள், இதெல்லாம் அருமை. ஆனா ஒரு சீரிஸோட அடுத்த பாகம் எதை வேணா மாத்தலாம், ஆடுறவன் எதைத் தன்னோடதுன்னு நினைக்கிறானோ அதைப் பிடுங்கக் கூடாது. ‘இன்னும் ஒரே ஒரு டர்ன்’னு விடிய விடிய உக்கார வெச்சது கிராஃபிக்ஸ் இல்ல. அந்தச் சின்ன ஊர் என்ன ஆகும்னு பார்க்கிற ஆசை.

அதனால என் யோசனை இதுதான்: முழு விலைக்கு வாங்காதீங்க. ஆஃபர் வரட்டும், சோழர்களை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஆட முடியுதான்னு பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் ஆறாவது பாகம் லேப்டாப்ல இருக்கட்டும். செமஸ்டர் லீவுல செஞ்சி மலை ஏற ஒரு நாளும் ஒதுக்கி வைங்க.