"ஓசியில வேலை பாக்க மெட்ராஸ் வரைக்கும் போகணுமா?" - சித்தப்பா கேட்ட கேள்வி!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் 12 மணிக்கு சித்தப்பாவிடமிருந்து போன். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர் சீசனில் ஞாயிறு, திங்கள் வித்தியாசமே தெரியாமல் ஓடுகிற மனுஷன். அந்த நேரத்தில் அழைக்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது.

"ஏம்மா, நீ பத்திரிகையிலதான இருக்க, ஒண்ணு சொல்லு. நம்ம பாப்பா, மெட்ராஸ்ல ஏதோ கம்ப்யூட்டர் மாநாடாம், 2 நாள் வேலை பாக்கப் போறேங்குது. சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன். கிடையாதாம். ரயில் டிக்கெட்டும் நாமதான் போடணுமாம். ஓசியில வேலை பாக்க மெட்ராஸ் வரைக்கும் போகணுமா?"

பாப்பா மதுரையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். அன்று ராத்திரி அவளும் பேசினாள். "அக்கா, டிக்கெட் வாங்கிப் போகணும்னா 4,000 ரூபா. வாலண்டியரா போனா ஃப்ரீ. அப்பாகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்."

வழக்கமாக இந்தப் பகுதியில் புது ஆப், போன் செட்டிங்ஸ் என்றுதான் பேசுவோம். இந்த வாரம் இந்தக் குடும்பப் பஞ்சாயத்து. இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இந்த வாலண்டியர் ஃபார்ம் என்றைக்காவது ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்தே தீரும் என்பதால் எழுதுகிறேன்.

உடனே "போ" என்று நான் சொல்லவில்லை. காரணம், நானும் ஒரு தடவை போய் நின்றவள்.

இதழியல் டிப்ளமோ படித்த வருஷம், நகரத்தில் பெரிய அரங்கில் 3 நாள் தொழில்நுட்ப மாநாடு. எங்கள் வகுப்பிலிருந்து 6 பேர் போனோம். கழுத்தில் டேக், கறுப்பு டி-ஷர்ட். எல்லாருக்கும் எக்ஸ்எல் சைஸ்தான் இருந்தது, எனக்கு முட்டி வரை வந்தது. காலை 7 மணிக்கு வரச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. முதல் நாள் ராத்திரி 8:30 வரை பதிவு மேஜையில் நின்றேன். இரண்டாம் நாள் சாப்பாட்டு கூப்பன். பச்சை கூப்பனுக்கு மாடியில் பஃபே, மஞ்சள் கூப்பனுக்குக் கீழே பார்சல். மஞ்சள் கூப்பன் கிடைத்த பெரியவர் ஒருவர், ஏதோ அவர் சொத்தை நான் எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி திட்டினார். நான் அழுதுவிடக் கூடாதே என்று கூப்பன் கட்டையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே யார் யாரோ பெரிய ஆட்கள் பேசினார்கள். கைதட்டல் மட்டும் கேட்டது.

சான்றிதழ் இரண்டு மாதம் கழித்து பிடிஎஃப்பாக வந்தது. அதில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு.

ஆனால், மூன்றாம் நாள் மதியம் ஒரு விஷயம் நடந்தது. மைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். ஒருங்கிணைப்பாளர் என் கையில் மைக்கைத் திணித்து, "கையைத் தூக்குறவங்ககிட்ட ஓடு" என்றார். அப்படித்தான் ஒரு அமர்வை முழுசாகக் கேட்டேன். பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் பற்றியது. முடிந்ததும் பேசிய மேடம் பேட்டரி மாட்டிய பெட்டியைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டே, "நீ என்ன படிக்கிற?" என்றார். சொன்னேன். "அப்ப உனக்குத்தான் இது முக்கியம். நீ பேட்டி எடுக்குற ஆளு 'வந்துக்கிட்டிருக்கேன்'னுதான் பேசுவார், செய்தி வாசிக்கிற மாதிரி பேச மாட்டார். வாசிக்கிற தமிழ்ல மட்டும் பழக்கின மென்பொருளுக்கு அது புரியாது" என்றார். ஐந்து நிமிஷம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தத் தளத்தில் நான் எழுதிய முதல் பெரிய கட்டுரை அந்த ஐந்து நிமிஷத்திலிருந்து வந்ததுதான்.

ஆக, மூன்று நாளில் இரண்டரை நாள் எடுபிடி, அரை நாள்தான் லாபம். அந்த அரை நாளும் ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்ததால் கிடைத்தது. இதை எப்படி ஒரு தங்கச்சிக்கு சிபாரிசு செய்வது?

வெளியே இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தால், வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவர்களுக்கு சிஎச்ஐ என்றொரு பெரிய மாநாடு வருஷாவருஷம் நடக்கிறது. 'கை' என்றுதான் உச்சரிப்பார்கள், நம்ம கை மாதிரியே! 2024-ல் ஹவாயின் ஹொனலுலுவிலும், 2025-ல் ஜப்பானின் யோகஹாமாவிலும் நடந்தது. அங்கே மாணவத் தன்னார்வலர் என்றால் சுமார் 20 மணி நேர வேலை. பதிலுக்கு மாநாட்டுக் கட்டணம் கிடையாது. மாணவர் கட்டணமே பல நூறு டாலர் வரும் என்பதால் போட்டி அதிகம். குலுக்கல் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். அந்த 20 மணி நேரம் போக மீதி நேரம் நீங்கள் பார்வையாளர். எந்த அமர்வில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அமெரிக்காவில் நடக்கும் பைகான் இன்னொரு மாதிரி. பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் மாநாடு. அங்கே பேச வருபவரும், நடத்துபவரும்கூட டிக்கெட் வாங்கித்தான் வர வேண்டும் என்பது வெகுகாலப் பழக்கம். கையில் காசில்லாதவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பேச்சாளரைக் காத்திருப்பு அறையிலிருந்து மேடைக்கு அழைத்துவர ஒருவர், மேடையில் அவரை அறிமுகம் செய்து 'இன்னும் 5 நிமிஷம்' என்று அட்டை காட்ட ஒருவர் என வேலைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த அமர்வில் யாருக்கு ஆர்வமோ அவர் பெயர் கொடுக்கலாம். ஜெர்மனியில் 1984-லிருந்து நடக்கும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் தன்னார்வலர்களுக்கு 'தேவதைகள்' என்று பெயர். வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் பெயர் 'சொர்க்கம்'. (சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "சொர்க்கத்துலயும் ஷிப்ட்டா?" என்றார்.)

நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. பைகான் இந்தியா 2009-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது. 2019-ல் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. நடத்துவதே தன்னார்வலர்கள்தான். அங்கே மேஜை தூக்கும் மாணவனுக்குப் பக்கத்தில் மேஜை தூக்குகிறவர் ஏதோ நிறுவனத்தில் பத்து வருஷ அனுபவமுள்ளவராக இருக்கலாம். அவருக்கும் சம்பளம் இல்லை, உங்களுக்கும் இல்லை. இந்த சமத்துவம் இருக்கிற இடத்தில் 'ஓசி வேலை' என்ற பேச்சே எழாது.

சிக்கல் எங்கே என்றால், டிக்கெட்டை ஆயிரக்கணக்கில் விற்று, ஸ்டாலுக்கு லட்சக்கணக்கில் வாங்கி, லாபத்துக்கு நடத்தும் மாநாடு. அங்கே பதிவு மேஜைக்கு நாள் சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க டேக் மாட்டி மாணவர்களை நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் லாபத்துக்கு இயங்கும் தனியார் நிறுவனத்துக்கு 'தன்னார்வலர்' என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பதைக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சித்தப்பா அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனால், அவர் கேட்டதும் அதே கேள்விதான்.

பாப்பாவிடம், "போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு மெயில் போடு" என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த அமர்வையாவது உட்கார்ந்து கேட்க விடுவார்களா, வேலை எத்தனை மணிக்கு முடியும், மாநாட்டை நடத்துவது நிறுவனமா, தன்னார்வக் குழுவா... கேட்க இவ்வளவுதான். அவளுக்குத் தயக்கம். "கேட்டா, வேணாம்னு சொல்லிட்டா?" அப்படிச் சொல்கிறவர்களிடம் போகவே வேண்டாம் என்றேன். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

இரண்டு நாள் அவள் மெயில் போடவில்லை. மூன்றாம் நாள்தான் உண்மையான காரணம் வெளியே வந்தது. "அக்கா, காசு பிரச்னை இல்லைக்கா. அங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுவாங்க. என்னைப் பதிவு மேஜையில நிக்க வெச்சுட்டா நான் என்ன பேசுறது?"

இதை அவள் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அந்த மேஜையில் முதல் ஒரு மணி நேரம் நான் 'யெஸ் சார்' தவிர எதுவும் பேசவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே தேவைப்படுவது மொத்தமே நாலைந்து வாக்கியம். பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், இந்த அடையாள அட்டை உங்களுடையது, சாப்பாடு வலது பக்கம். முந்நூறு தடவை சொன்னால் நாக்கு தானாகப் பழகிவிடும். மைக் வேலைக்கு அதுவும் வேண்டாம், கால் இருந்தால் போதும். "மைக் வேலை கேட்டு வாங்கு" என்றேன்.

மெயில் போனது. மறுநாளே பதில். நடத்துவது தன்னார்வக் குழு. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் வேலை, மீதி நேரம் எந்த அமர்வுக்கும் போகலாம். மதியச் சாப்பாடு உண்டு. பயணச் செலவும் தங்குமிடமும் கிடையாது. மாலை 6 மணிக்கு முடிந்துவிடும். கல்லூரிக்கு ஓ.டி. கடிதம் தருகிறோம். இந்த ஓ.டி. கடிதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், 75% அட்டெண்டன்ஸுக்குப் பயந்து வாழும் ஜீவன்களுக்கு அது சான்றிதழைவிடப் பெரியது!

அந்தப் பதிலை சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "4 மணி நேரம் வேலை, 4,000 ரூபா டிக்கெட்டு... 2 நாளுக்கு 8 மணி நேரம். மணிக்கு 500 ரூபா. எங்க பிரஸ்ல யாருக்கும் அவ்வளவு கிடையாதும்மா" என்றார். பிறகு, "உன் ரூம்லதான தங்குவா?" என்றார். அதுதான் சம்மதம்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினாள். சனிக்கிழமை காலை எழும்பூரில் கூட்டிக்கொண்டேன். டி-ஷர்ட் சரியான சைஸில் கொடுத்தார்கள், அதில் எனக்கு லேசான பொறாமை. முதல் நாள் அவளுக்குப் பதிவு மேஜைதான் விழுந்தது. மதியம் 'செத்தேன்' என்று ஒரு மெசேஜ். சாயங்காலம் மெசேஜே இல்லை. ரூமுக்கு வந்து சோறு சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ சென்சார் போர்டு பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இவளும் சேர்ந்து அதை வாங்கப் போகிறார்களாம், பாதிப் பாதி காசு.

இரண்டாம் நாள் மைக் கிடைத்தது. இரண்டாவது ஹால், காலையில் நாலு மணி நேரம்.

திங்கட்கிழமை காலை சித்தப்பாவிடமிருந்து போன். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

"ஏம்மா, அந்த ஹால்ல ஏசி அவ்வளவு ஜாஸ்தியாமே? பிள்ளைக்குச் சளி பிடிச்சிருச்சு. ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கலாம்ல நீ?"