றெக்கை கொட்டுற கோழிக்கு பூச்சி மாத்திரை எதுக்குங்க?

எங்க ஊரு திருவாமாத்தூரைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. விழுப்புரத்துக்குப் பக்கத்துல, பம்பை ஆத்தங்கரையில இருக்கு. கொம்பில்லாத மாடெல்லாம் அபிராமேசுவரரைக் கும்பிட்டு கொம்பு வாங்கிக்கிட்டதா தலபுராணம் சொல்லுது. அப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, ஒரு கோழிக்கு முளைக்க வேண்டிய றெக்கையையும் முளைக்க விடாம பண்ணினவன் நான். இங்க வட்டப்பாறையில பொய் சத்தியம் பண்ணினா விளங்காதுன்னு ஒரு நம்பிக்கை உண்டு. அதனால நடந்ததை அப்படியே சொல்லிடறேன் :)

செவலைன்னு ஒரு நாட்டுக்கோழி. அம்மாவோட செல்லம். 2024 ஐப்பசியில திடீர்னு றெக்கை கொட்ட ஆரம்பிச்சுது. கழுத்து மொட்டை, வால் காலி, கொண்டை சுருங்கி வெளுத்துப் போச்சு. முட்டையும் நின்னுபோச்சு. பக்கத்து வீட்டு ஆயா பார்த்துட்டு, "வயித்துல பூச்சிடா, மாத்திரை குடு"ன்னாங்க. நானும் மருந்துக்கடைக்குப் போய் மனுஷங்க சாப்பிடற 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒண்ணு வாங்கி, பாதியை உடைச்சு சோத்துல பிசைஞ்சு குடுத்தேன். ஒண்ணரைக் கிலோ கோழிக்கு 200 மில்லிகிராம்! கணக்கு பார்க்கணும்னு கூட தோணலை.

புது றெக்கை வந்துச்சு, வராம இல்ல. ஆனா குட்டையா, வளைஞ்சு, நுனி பிஞ்சு போய் வந்துச்சு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்ப நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 50 சென்டிமீட்டருக்கு மேல மழை. மத்த கோழியெல்லாம் உடம்பைச் சிலிர்த்துக்கிட்டு சமாளிச்சுது. செவலைக்கு சிலிர்த்துக்க றெக்கை ஏது? மறுநாள் காலையில கூடையைத் தூக்கிப் பார்த்தா விறைச்சுக் கிடக்குது. அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

அதுக்கப்புறம் தான் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன். மாத்திரையால தான் செத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகையறா மருந்து வேகமா வளர்ற செல்லையும் பாதிக்கும், புது றெக்கை முளைக்கிற நேரத்துல அளவு மீறிக் குடுத்தா றெக்கை கோணலா வர்றது பறவைகள்ல பார்த்த விஷயம் தான்னு விளக்கினாங்க. இதுல அளவு தான் முக்கியம். அமெரிக்காவுல முட்டைக்கோழிக்கு ஃபென்பெண்டசோல் அனுமதிச்சிருக்காங்க. ஆனா எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு வெறும் 1 மில்லிகிராம், அப்படி தொடர்ந்து 5 நாளைக்கு.

என் கட்சி இது தான். றெக்கை கொட்டுறது நோய் இல்ல. பகல் நேரம் குறையும்போது பழசைக் கழட்டிட்டு புதுசு போட்டுக்குது, அவ்ளோ தான். நமக்கு முடி கொட்டினா பூச்சி மாத்திரையா முழுங்கறோம்? கொண்டை சுருங்கறதும் முட்டை நிக்கறதும் றெக்கை கொட்டும்போதும் வரும், குடல்ல புழு இருந்தாலும் வரும். அங்க தான் எல்லாரும் ஏமாந்து போறோம். கோழி தின்னும் இளைச்சுக்கிட்டே போகுதா, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்துதா, எச்சத்துல புழு தெரியுதா, இதைப் பாருங்க. சந்தேகம்னா எச்சத்தை ஒரு டப்பாவுல போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. நுண்ணோக்கியில பார்த்தா புழு முட்டை தெரிஞ்சிடும்.

"நிஜமாவே புழு இருந்தா சும்மா விடறதா?"ன்னு கேப்பீங்க. விடக் கூடாது. உருண்டைப்புழுவுக்கு பைப்பரசின் இருக்கு, லெவமிசோல் இருக்கு. ரெண்டும் புழுவை முடக்கி வெளியேத்துற வகை. ஆனா பைப்பரசின் நாடாப்புழுவை ஒண்ணும் பண்ணாது. எந்தப் புழு, எந்த மருந்து, எவ்ளோ அளவு, எத்தனை நாள் முட்டையைத் தொடக் கூடாது, இதெல்லாம் டாக்டர் சொல்லட்டும். ஆயாவும் நானும் வேணாம்.

எங்க வீட்டுல இப்ப ரெண்டு தவணை வெச்சிருக்கோம். றெக்கை கொட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆடியில ஒண்ணு. பிப்ரவரி வாக்குல கால்நடைத் துறை போடற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னாடி, தை மாசத்துல ஒண்ணு. புழு இருக்கிற கோழிக்கு தடுப்பூசி சரியா பிடிக்காது. கூண்டைக் காய விடறதும் எச்சத்தை அள்ளிக் கொட்டறதும் மாத்திரையை விட முக்கியம். உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணுல ரெண்டு மூணு வாரத்துல அடுத்த கோழிக்குத் தயாராயிடும். எறும்பையும் வண்டையும் கொத்தித் தின்னா நாடாப்புழு வரும்.

றெக்கை கொட்டுற மாசத்துல கோழி கேக்கறது மருந்தை இல்ல, சாப்பாட்டை. றெக்கையில நூத்துக்கு 85 பங்குக்கு மேல புரதம். கருவாட்டுத்தூள், கடலைப் புண்ணாக்கு, கரையான்னு கிடைக்கிறதைப் போடுங்க. ராத்திரியில நனையாத இடம் குடுங்க. முட்டை போடலைன்னு குழம்பு வெச்சுடாதீங்க, ரெண்டு மூணு மாசம் பொறுங்க.

செவலையோட மக ஒண்ணு இப்ப முத்தத்துல மொட்டைக் கழுத்தோட திரியுது. ஆயா நேத்தும் மாத்திரை குடுக்கச் சொன்னாங்க. அம்மா ஒண்ணும் பேசலை. உள்ள போய் ஒரு கை கருவாட்டுத்தூள் எடுத்துட்டு வந்து போட்டாங்க.