சனியும் ஞாயிறும்

அக்கா மகள் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்கிறாள். போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, எல்லா நாளும் லீவுன்னே வருது!"

ஒரு கடை, சனி, ஞாயிறு விடுமுறை. அவள் எழுதியிருந்த நிபந்தனை இது:

நாள் === "சனி" || "ஞாயிறு"

(மாறிக்குத் தமிழில் பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் தடை சொல்வதில்லை.) வாய்விட்டுப் படித்தால் பிழையே தெரியாது. நாள், சனி அல்லது ஞாயிறு. ஆனால் அந்த இரட்டைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தனித்தனிச் சங்கதி. நாள் சனியா என்பது ஒன்று. மற்றது வெறுமனே "ஞாயிறு". அதில் கேள்வியே இல்லை. காலியாக இல்லாத எந்தச் சரமும் ஜாவாஸ்கிரிப்டுக்கு உண்மைதான். மேற்கோளுக்குள் "பொய்" என்று எழுதினாலும் உண்மைதான். ஆகவே வியாழனன்றும் கடை பூட்டியே கிடந்தது. நாள் === "ஞாயிறு" என்று மறுபடியும் முழுசாகக் கேட்க வேண்டும்.

சரிசெய்துகொண்டு போனவள், || இருந்த இடத்தில் && போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். "சனியும் ஞாயிறும் லீவுதானே? அப்ப 'அண்ட்' தானே வரணும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாம் 'உம்' போட்டுச் சொல்வது வாரம் முழுவதையும் மனதில் வைத்து. நிரலின் கையில் இருப்பதோ இன்றைய தேதி ஒன்றுதான். ஒரே நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருக்க முடியாதே. இப்போது கடைக்கு விடுமுறையே கிடையாது.

கடை திறந்திருக்கும் நாளை எழுதச் சொன்னேன். நாள் !== "சனி" || நாள் !== "ஞாயிறு" என்றாள். சனிக்கிழமையைக் கொடுத்துப் பாருங்கள். அது ஞாயிறு இல்லை. உடனே கடை திறந்துவிடும். இதே பிழையில் நானும் ஒரு முழு மாலையைத் தொலைத்தவன் என்பதால் திட்ட வாய் வரவில்லை. 'இல்லை' உள்ளே நுழைந்தால் || போய் && வர வேண்டும். டி மார்கன் விதி என்பார்கள். அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில், 1806-ல். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார். மதுரையில் படிக்கும் இவளுக்கு அதைக் கேட்டதும் ஏக குஷி. விதி அரைகுறையாகத்தான் புரிந்தது.

விதி நினைவில் நிற்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. விடுமுறைக்கான நிபந்தனையை அப்படியே அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே ஒரே ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிடுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன்.