ஊருக்கு ஒரு தொலைபேசி

தம் சொல் தொலைவில் உள்ளார்க்கும் சென்று சேர வேண்டும் என்பது மக்களின் நெடுநாளைய விழைவாகும். காலத்தைக் கடந்து நிற்க வேண்டிய சொல்லைக் கல்லில் வெட்டினர். இடத்தைக் கடந்து செல்ல வேண்டிய சொல்லைத் தூதர் வாயிலாகவும் ஓலை வாயிலாகவும் விடுத்தனர். மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில், சமணர் மலை உள்ளது. அங்குப் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகளும் அவற்றின் அடியில் வட்டெழுத்துகளும் காணப்படுகின்றன. அத்திருமேனிகளைச் செய்வித்தோர் பெயர்களை அவ்வெழுத்துகள் உரைக்கின்றன. அச்சணந்தி என்னும் முனிவரின் தாயார் குணமதியார் பெயரும் அவற்றுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அச்சொல் அழிந்திலது. ஆயினும் நோயுற்றவன் ஒருவனுக்காக நகரத்து மருத்துவரை நள்ளிரவில் அழைப்பதற்குக் கல்லெழுத்து உதவுமோ? உதவாது. அவ்வுதவியைச் செய்ய வந்ததே தொலைபேசி.

1876ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்பார் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறே ஆண்டுகளில் அஃது இந்தியாவிற்கு வந்துவிட்டது. 1882ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. எனினும் நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 80,000 தொலைபேசிகளே இருந்தன. வெளியூருடன் பேச விரும்புவோர், நிலையத்தில் உள்ளாரிடம் எண்ணைப் பதிந்துவிட்டு, இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். 1960ஆம் ஆண்டில் கான்பூருக்கும் இலக்னோவிற்கும் இடையேதான் நம் நாட்டில் முதன்முதலாக நேரடி வெளியூர் இணைப்பு ஏற்பட்டது.

சிற்றூர்களுக்குத் தொலைபேசி பரவியது இன்னும் பின்னரே ஆகும். அயல்நாட்டு நிலையக் கருவிகள் குளிரூட்டிய அறையை வேண்டின. நம் ஊர்களின் வெயிலையும் புழுதியையும் அவை தாங்கமாட்டா. எனவே 1984ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘சி-டாட்’ என்னும் அரசு ஆய்வு நிறுவனம், குளிரூட்டும் கருவி வேண்டாத, 128 இணைப்புகளைத் தாங்கும் சிறு நிலையம் ஒன்றை உருவாக்கிற்று. அது 1986ஆம் ஆண்டில் கருநாடகத்துக் கிட்டூரில் முதன்முதல் நிறுவப்பெற்றது. நாட்டின் தேவையறிந்து நாட்டவரே செய்த கருவிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அக்காலத்தில் தெருவிற்கு ஒரு வீட்டில் தொலைபேசி இருத்தலே அரிது. திருமண அழைப்பிதழ்களில் அண்டை வீட்டாரின் எண்ணை அச்சிட்டு, அதன் அருகே ‘பி.பி.’ என்று குறிப்பர். மணி ஒலித்தால், அவ்வீட்டார் ஓடிச் சென்று உரியவரை அழைத்து வருவர். மகப்பேற்றுச் செய்தியும் மரணச் செய்தியும் அவ்வழியே வந்தன. கருவி ஒருவர் வீட்டில் இருந்தது. பயனோ பலர்க்கும் உரியதாயிற்று. ஊருணி நீர் நிறைந்தாற் போன்றது அப்பயன்.

இன்று நிலைமை வேறு. 1995ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்த கைபேசி, உழவர் முதல் மீனவர் வரை அனைவர் கையிலும் விளங்குகின்றது. அதன் நன்மையை மறுப்பார் யாரும் இலர். ஆனால் கம்பித் தொலைபேசி எங்கும் தேய்ந்து வருகின்றது. 2006ஆம் ஆண்டளவில் உலகில் 120 கோடிக்கு மேற்பட்டிருந்த அவ்விணைப்புகள் பின்னர் 90 கோடிக்கும் கீழே இறங்கின. இந்தியாவில் அதே ஆண்டில் 4 கோடிக்கு மேல் இருந்தவை, 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியாகக் குறைந்தன. பிரிட்டனும் பிரான்சும் செப்புக் கம்பித் தொலைபேசியை முற்றும் நீக்குவதற்கு ஆண்டு குறித்துள்ளன.

பழையது கழிதல் இயல்பே எனச் சிலர் கூறுவர். அஃது உண்மையே. ஆயினும் கழிப்பதற்கு முன் அதன் குணங்களை ஆராய்தல் அறிவுடைமை. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் வேண்டுவதில்லை. நிலையத்தில் உள்ள மின்கல அடுக்குகளிலிருந்து, 48 வோல்ட்டு அளவுள்ள மின்சாரம் அக்கம்பி வழியாகவே வருகின்றது. ஊர் இருளில் மூழ்கினாலும் அது பேசும். கைபேசிக்கோ, கையிலுள்ள கருவி, கோபுரம் ஆகிய இரண்டிற்கும் மின்சாரம் வேண்டும். 2015ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது மின்சாரம் நின்றது, கோபுரங்கள் செயலிழந்தன, பெற்றோர் நிலையறியாது பிள்ளைகள் கலங்கினர். விலையுயர்ந்த கைபேசிகள் வெறும் பலகைகளாயின. வெள்ளம் புகாத நிலையங்களைச் சார்ந்த கம்பித் தொலைபேசிகளே சிலர்க்கு உதவின.

செப்புக் கம்பியைப் பேணுதற்குச் செலவு மிகுதி; சாலை தோண்டுவோர் அதனை அறுத்துவிடுகின்றனர்; கள்வரும் கவர்கின்றனர் என்பது மறுப்போர் கூற்று. இதனையும் ஒப்பலாம். கண்ணாடி இழை செம்பினும் பன்மடங்கு செய்தியைச் சுமக்கும் என்பதும் மெய்யே. ஆனால் அவ்விழை ஒளியைச் சுமக்குமேயன்றி மின்சாரத்தைச் சுமவாது. பிரிட்டனில், தனித்து வாழும் முதியோர் பலர் இடர் நேர்ந்தால் உதவி கோரும் கருவிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்திருந்தனர். புதிய முறைக்கு மாற்றியபோது அவற்றுட் சில பயன்படாமற் போயின. அதனால் 2023ஆம் ஆண்டில் கட்டாய மாற்றம் நிறுத்தப்பட்டது. இறுதி நாளும் 2027ஆம் ஆண்டு சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. செல்வ நாட்டிற்கே இத்தடுமாற்றம் நேர்ந்தது எனின், நம் சிற்றூர்கள் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

ஆகவே வேண்டுவது பழங்கம்பி அன்று. பழங்கம்பியின் குணமே ஆகும். ஊராட்சிகள்தோறும் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு 2011ஆம் ஆண்டில் நடுவண் அரசு இசைவளித்தது. அவ்விழை வரும் ஊர்களில் பள்ளி, ஊராட்சி அலுவலகம், நலவாழ்வு நிலையம் ஆகிய இடங்களில் நிலையான தொலைபேசி ஒன்று அமைதல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் இரண்டொரு நாள் தாங்கும் மின்கலம் அதனோடு இருத்தல் வேண்டும். திங்கள்தோறும் அதனைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அதன் எண்ணை ஊரார் அனைவரும், சிறப்பாக மாணவர்கள், மனப்பாடமாக அறிதல் வேண்டும்.

கைபேசி ஒருவனுக்கு உரியது. அவன் போகுமிடமெல்லாம் உடன் போவது. நிலைத்த தொலைபேசி ஓர் இடத்திற்கு உரியது. அழைப்போர்க்கு அவ்விடத்தில் யாரேனும் ஒருவர் விடை கூறுவர். தனிமனிதர் கருவி பெருகுவது வளர்ச்சி. ஊர்ப்பொதுக் கருவி ஒழியாதிருப்பது காப்பு. இரண்டையும் ஒருங்கே பேணும் நாடே துன்பக் காலத்தில் தன் மக்களின் குரலைக் கேட்கும்.