கொரோனா காலச் சம்பளம்: உத்தரவு வந்தது, பணம் வரவில்லை!

சென்னை:

2020-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது. தொழிற்சாலை ஆனாலும் சரி, கடை ஆனாலும் சரி, ஊரடங்கில் மூடிக் கிடக்கும் நாட்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு காசு பிடிக்கக் கூடாது என்று அதில் கண்டிருந்தது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்லாவில் காசு விழுந்தால்தானே சம்பளம்? கடைக்குப் பூட்டு போடச் சொன்ன அரசாங்கம், அந்தச் சம்பளத்துக்கு என்று ஒரு ரூபாய் கூட ஒதுக்கவில்லை.

மே 18-ந் தேதியோடு அந்த உத்தரவும் வாபஸ் ஆனது. மார்ச் 25 முதல் மே 17 வரை மொத்தம் 54 நாள். அந்த 54 நாள் சம்பளத்தை யார் கொடுப்பது?

சுப்ரீம் கோர்ட்டு

முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 12-ந் தேதி கோர்ட்டு சொன்னது இதுதான்: முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்துக் கொள்ளுங்கள், தொழிலாளர் துறை உதவி செய்யட்டும்.

யூனியன் இருக்கிற ஆலையில் பேசலாம். ரங்கநாதன் தெருவில் துணி மடித்துப் போடுகிற பையன், வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாதவன், யாரிடம் போய்ப் பேசுவான்? பேசினால் இருக்கிற வேலையும் போச்சு!

24 சதவீதம் யாருக்கு?

"பி.எப்.பில் 24 சதவீதத்தை அரசே கட்டும்" என்ற அறிவிப்புதான் அப்போது பெரிதாக அடிபட்டது. தொழிலாளி பங்கு 12, முதலாளி பங்கு 12. மார்ச் முதல் ஆகஸ்டு வரை 6 மாதம் கட்டினார்கள்.

நிபந்தனையில்தான் இருக்கிறது விஷயம். கம்பெனியில் 100 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் 90 சதவீதம் பேர் 15 ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்க வேண்டும். 20 பேருக்குக் குறைந்த கடைக்கோ பி.எப். கட்டாயமே இல்லை. ஆக, 8 பேர் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்கும் பொதுவாக உதவி இல்லை; 300 பேர் வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்கும் இல்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான்.

அவர்களுக்கும் எவ்வளவு? 10 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரருக்குப் பிடித்தம் 1,200 ரூபாய் மிச்சம். அவ்வளவுதான் கைக்கு வந்தது. அதுவும் முதலாளி சம்பளம் போட்டிருந்தால்! சம்பளமே போடவில்லை என்றால் 24 சதவீதம் எதிலே?

நாடு முழுவதும் சுமார் 39 லட்சம் பேர் கணக்கில் சுமார் 2,570 கோடி ரூபாய் கட்டப்பட்டது. சராசரி பார்த்தால் தலைக்கு 6,600 ரூபாய்க்குப் பக்கம்.

முதலாளிக்குக் கடன்

சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் கடனுக்கு அரசு ஜாமீன் நின்றது. அது கடன்தான், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பாங்கியில் ஏற்கனவே கடன் இருந்தவருக்கு, அந்தப் பாக்கியில் 20 சதவீதம் என்று கணக்கு. பாங்கிப் பக்கமே போகாமல் தண்டல்காரரிடம் வாங்கி வியாபாரம் செய்தவர் வெறுங்கையோடு நின்றார்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், மாதம் 2,500 பவுன் வரை, முதலாளி மூலமாக அரசே கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை இது நடந்தது. செலவு சுமார் 7,000 கோடி பவுன். பணக்கார நாடு, கொடுத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கே முதலாளிகள் சம்பளப் பட்டியலை வரி ஆபீசுக்கு அனுப்பியாக வேண்டும். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது அரசுக்குத் தெரியும். இங்கே பல கடைகளில் சம்பளம் கல்லாவிலிருந்து நேரே கைக்குப் போகிறது. பட்டியலில் பேரே இல்லாதவனுக்கு டெல்லி எப்படி அனுப்பும்?

இ.எஸ்.ஐ.

பட்டியலில் பேர் இருந்தவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது. வேலை போனால் பழைய சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை இ.எஸ்.ஐ. கொடுத்தது. முன்பு இது கால் பங்கு. 2 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பி.எப். முன்பணம் எடுக்கலாம் என்றார்களே, அது தொழிலாளியின் சொந்தக் காசு. உதவிக் கணக்கில் சேராது.

பட்டியலில் இல்லாதவர் வீட்டுக்குப் போனது ரேஷன் பணம். 2020 ஏப்ரலில் அரிசி கார்டுக்குத் தமிழக அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. 10 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு அது 3 நாள் சம்பளம். இரண்டாவது அலையில், 2021 மே, ஜூன் மாதங்களில், 2 தவணையாக 4,000 ரூபாய். அதற்கு முதலாளி கையெழுத்து கேட்கவில்லை. ரேஷன் கார்டை மட்டும்தான் கேட்டார்கள்.